பழைய டீசல் எஞ்சினைப் பேணக் கற்றல்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையேயுள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நிற்போமாயின், பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகளும் பஸ்களும் இடையறாது செல்லக் காண்போம். அவற்றை இயக்குவது பெரும்பாலும் டீசல் எஞ்சினே. கவலை ஏற்றம் மறைந்து மின்சார மோட்டார் பரவுவதற்கு முன், இப்பக்கத்துக் கிணறுகளில் நீர் இறைத்த ‘ஆயில் எஞ்சின்’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்வளவு பழகிய பொருளாயினும், அதன் உள்ளியல்பை அறிந்தோர் நம்மில் சிலரே. படுக்கையும் அடுப்பும் அமைத்து வீடாக மாற்றப்பெற்ற பழைய டீசல் வேன் ஒன்றைப் பேணும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தபோது, இராஜபாளையத்துப் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் நாம் கற்றுக்கொண்டவற்றுள் இன்றியமையாதவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1892-ஆம் ஆண்டில் தம் கருத்திற்கு உரிமை கோரி, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அதனைச் செயலிற் காட்டினார். எரிபொருளிலுள்ள வெப்பத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பங்கை அவ்வியந்திரம் வேலையாக மாற்றிற்று. சாதாரண நீராவி எஞ்சின்கள் அதிற் பாதியையும் எட்டாத காலம் அது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகின்றது. டீசல் எஞ்சினிலோ பொறி இல்லை. சிலிண்டருள் புகுந்த காற்றைப் பிஸ்டன் தன் கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவிற்கு நெருக்க, அக்காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகின்றது. அந்நிலையில் நாசில் வழியாகப் புகைபோல் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகம் காற்றடிக்கும்போது சுடுவதைத் தொட்டறிந்த மாணவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இத்தத்துவம் விளங்கினால் நோய்களின் காரணமும் விளங்கும். டீசல் குழாய்களில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடுவது ஏன்? டீசல் நெருங்காது, காற்றோ நெருங்கும். பம்ப் தள்ளும் விசை முழுவதும் அக்காற்றுக் குமிழை நெருக்குவதிலேயே செலவாகி, நாசில் திறவாமற் போகின்றது. டாங்கில் டீசல் வற்றினாலும், பில்டரை மாற்றினாலும், பழங்குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்தாலும் இது நேரும். பட்டறைகளில் ‘ஏர் எடுத்தல்’ என்று வழங்குவது இதன் பரிகாரமே. முதலில் டாங்கில் போதிய டீசல் ஊற்ற வேண்டும். பின்னர் பில்டர் தலையிலுள்ள திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்ப்பை அடிக்க, நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, பம்ப் அடியைவிடாமலே திருகை முடுக்குதல் வேண்டும். அடியை விட்டபின் முடுக்கினால் காற்று மீண்டும் உட்புகும். இதே முறையைப் பெரிய பம்ப்பின் திருகிலும் செய்க. இறுதியாக நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றி, டீசல் கசிந்தபின் முடுக்கிவிடலாம். வரிசை மாறினால் உழைப்பெல்லாம் வீணாகும். ஏனெனில் டாங்கிலிருந்து எஞ்சினை நோக்கியே காற்றைத் துரத்திக்கொண்டு போக வேண்டும்.

இவ்விடத்தில் நம்மூர்க்காரர்க்கு ஒரு சொல். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்யப்படும் காயக்கட்டுத் துணியும், பஞ்சாலைக் கழிவும் இங்கே மலிவாகக் கிடைப்பதால், எதையும் அவற்றாலே துடைக்கும் வழக்கம் உண்டு. கைக்கும் எஞ்சினின் வெளிப்புறத்திற்கும் அவை மிக நல்லவை. பம்ப், நாசில் இணைப்புகளிலோ அவை கூடாவாம். அப்பாகங்களின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அதிற் சில கூறே. ஒரு பஞ்சிழையே அங்கே போதிய தடையாகும். சுத்தமான டீசலால் கழுவி, நூல் உதிராத துணியால் ஒற்றுவதே முறை.

இன்னொன்று உயிரைப் பற்றியது. எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயில் கசிவிருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்த்தல் கூடவே கூடாது. அங்குள்ள அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கு, இருநூறு மடங்கு. அவ்விசையுடன் வரும் ஊசி போன்ற டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியில் ஓர் எறும்புக்கடி அளவே தோன்றும். வலியும் முதலிற் பெரிதாயிராது. உள்ளேயோ தசை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு காத்திராமல் அப்பொழுதே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். கசிவை அறிய ஓர் அட்டைத்துண்டு போதும்.

எஞ்சின் ஆயிலைப் பார்ப்பது எளிய வேலையென்று பலர் எண்ணுவர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மீண்டும் விட்டெடுத்துப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் புதிய ஆயிலும் விரைவிற் கறுக்கும். அது கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதன் அடையாளமேயன்றிக் கெட்டதன் அடையாளமன்று. அளவு குறைவதைக் கண்டு அஞ்சுவோர், அது கூடுவதைக் கண்டு மகிழ்ந்துவிடுகின்றனர். கூடுதலே அதிகம் அஞ்சத்தக்கது. டீசலோ நீரோ ஆயிலில் இறங்குகின்றதென்பது அதன் பொருள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர்; மெலிந்து டீசல் மணம் வீசினால் டீசல். இரண்டிலும் பேரிங்குகள் தேயும், வண்டியை ஓட்டலாகாது.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் மேஸ்திரி புகையைப் பார்ப்பார். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் காட்டும். நீலம், ஆயில் எரிதலை. வெண்மை, எரியாத டீசலையோ, சிலிண்டருள் புகுந்த நீரையோ. குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வந்து அடங்குவது இயல்பு.

நம் பக்கத்தில் கரும்புகைக்கு முதற் காரணம் தூசியாம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வரும். ஆடிப்பூரத் தேர் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் நின்றோர்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை. ஏர் பில்டரை அம்மாதங்களில் அடிக்கடி பார்த்தல் நன்று. ரேடியேட்டரின் முகத்தில் படியும் பஞ்சையும் தூசியையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஊதி நீக்க வேண்டும். உள்ளே உப்புக் கிணற்று நீர் ஊற்றினால், சோறு வடிக்கும் பானையிற் படிவது போன்ற சுண்ணப் படிவு குழாய்களை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும் அதற்குரிய கூலன்ட்டுமே தக்கவை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது பேராபத்து. மூடிய ரேடியேட்டரில் ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தமிருந்தால் நீர் 120 பாகையில்தான் கொதிக்கும்; திறந்த கணமே அழுத்தம் போய், அந்நீர் முழுதும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

வண்டியின் கீழே நுழையுமுன் செய்ய வேண்டியதைத் தேர்ப்பணியாளரிடம் கற்கலாம். ஆயிரம் பேர் வடம் பிடிப்பினும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுவோரை நம்பியே தேர் நிலைகொள்கின்றது. வீட்டு வண்டியோ கட்டில், தண்ணீர்த் தொட்டி, அலமாரி முதலிய பாரத்தை எப்போதும் சுமப்பது. ஜாக்கியை மாத்திரம் நம்பி எவரும் அதன் கீழே படுத்தலாகாது. சக்கரங்களுக்குக் கட்டையும், சட்டத்திற்கு உறுதியான தாங்கியும் வேண்டும்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில், இரவுக் குளிர்ச்சியால் நீர்த்துளி கோத்து அடியிலே தங்கும். பில்டரின் அடித்திருகைத் திறந்து அந்நீரை வடித்தபின்னரே நெடும் பிரயாணம் தொடங்கத் தகும். ரப்பர்க் குழாய்களும் பேன் பெல்ட்டும் ஓடாமலே வெடிக்கும் இயல்பின. அவற்றை விரலால் வளைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் பார்த்தபின் இராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறலாம். ஏற்றத்தில் சூட்டுமுள் உயர்ந்தால் ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிஷம் மெதுவாக ஓடவிடுக. பேனும் வாட்டர் பம்ப்பும் சுழன்று சூட்டைத் தணிக்கும். அதற்கும் இறங்காமல் முள் ஏறிக்கொண்டே போனாலும், பெல்ட் அறுந்திருந்தாலும், நீர் வெளியே கொட்டினாலும் அப்பொழுதே அணைத்தல் வேண்டும். அப்பால் புனலூரை நோக்கி இறங்கும்போது, டீசலை மிச்சப்படுத்தக் கருதி நியூட்ரலில் விடுவாரும் உளர். தாழ்ந்த கியரில் காலை எடுத்துவிட்டாலே பம்ப் டீசலை நிறுத்திவிடும். எஞ்சின் தானே வண்டியைப் பிடித்து நிற்கும். நியூட்ரலிலோ வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேலே விழுந்து, அது சூடேறிப் பிடிப்பிழக்கும்.