மீன் பண்ணையில் மூலிகை ஆய்வு: அளக்கத் தெரிந்தவர்களுக்கான துறை

சந்தையில் ஜிலேபி மீன் என்று விற்கும் திலாப்பியா இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். விட்ட குஞ்சு விற்பனை எடைக்கு வருமுன்பே குளம் முழுக்கப் புதுக்குஞ்சு நிறையும். தீவனம் பங்கு போய், எல்லாமே பொடி மீனாக நின்றுவிடும். இதைத் தவிர்க்க, மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைத் தீவனத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கலந்து, மூன்று நான்கு வாரம் கொடுத்துக் குஞ்சுகளை ஆணாக்குகிறார்கள். அதைக் கையாளும் தொழிலாளியின் உடல்நலமும், தொட்டிக் கழிவுநீர் போய்ச்சேரும் இடமும் கவலை தருபவை. அதனால்தான் பப்பாளி விதை, வேப்பிலை, நெருஞ்சில் ஆகியவற்றில் மாற்றுத் தேடுகிறார்கள்.

மீன்வளம், விலங்கியல், உயிர்வேதியியல் படித்தவர்கள் துணிந்து இறங்கலாம். மூலிகை அறிவு கைகொடுக்கும். அதைவிட, பொறுமையாக அளந்து குறித்துவைக்கும் பழக்கம்தான் உங்களை நிலைநிறுத்தும்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வளர்ந்த மீனை மலடாக்குவது. நைஜீரிய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் நைல் திலாப்பியாவுக்கு 30 நாள் பப்பாளி விதை கொடுத்தார்கள். குறைந்த அளவில் விந்தகச் செல்களின் உட்கரு வீங்கியது. கூடுதல் அளவில் செல்களே சிதைந்தன. மற்றொன்று, பால் இன்னும் தீர்மானமாகாத இளங்குஞ்சை ஆணாக மாற்றுவது. நெருஞ்சிலைப் பெரும்பாலும் இதற்கே சோதிக்கிறார்கள். வயது, அளவு, நாள்கணக்கு எல்லாம் இரண்டுக்கும் வேறு. எதைச் செய்கிறீர்கள் என்று ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கைவர வேண்டியவை

• விதையையோ இலையையோ நிழலில் உலர்த்திப் பொடித்தல், எத்தனாலில் சாறு இறக்குதல், தீவனத்தில் சீராகக் கலத்தல்.

• இனப்பெருக்க உறுப்பின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கும் கணக்கு. சினைப்பையோ விந்தகமோ சுருங்குகிறதா என்பதை முதலில் காட்டுவது இதுதான்.

• குஞ்சின் இனப்பெருக்க உறுப்பை எடுத்து, அசிட்டோகார்மைன் சாயமிட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் ஆணா பெண்ணா என்று பார்த்தல்.

• மெழுகில் பதித்துத் திசுவைச் சீவி, சாயமேற்றிப் படித்தல். இது தெரிந்தவரை எந்த ஆய்வகமும் விரும்பும்.

ஏமாறும் இடங்கள்

வேப்பிலை கசக்கும். மீன் தீவனத்தை ஒதுக்கினால் உடல் மெலியும். மெலிந்த மீன் சினை பிடிக்காது. அது பட்டினியின் விளைவு, மருந்தின் வேலை அல்ல. தின்ற தீவனத்தையும் வாராவாரம் உடல் எடையையும் குறித்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ரகத்துக்கும் முற்றிய பதத்துக்கும் ஏற்ப விதையின் வீரியம் மாறும். ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்து வையுங்கள். எதுவும் கலக்காத தீவனம் தின்னும் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். மருந்தை நிறுத்தியபின் இனப்பெருக்கம் திரும்புகிறதா என்று பார்க்காமல் ஆய்வை முடிக்காதீர்கள்.

எங்கே படிப்பது

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு மீன்வள இளநிலைப் படிப்பு (பி.எஃப்.எஸ்சி.) உண்டு. மேற்படிப்புக்கு மும்பையின் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. விலங்கியல் பட்டதாரிகள் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகச் சேர முயலலாம். எங்கே சேர்ந்தாலும் ஒரு பருவமாவது குஞ்சு பொரிப்பகத்தில் நின்று வேலை பாருங்கள்; மீன் நோயுற்றதை அதன் நீச்சலிலேயே கண்டுகொள்ளும் கண் அங்கேதான் வரும்.

"பப்பாளி விதையை அரைச்சுப் போட்டாப் போதுமா?" என்று பண்ணையாளர் கேட்பார். ஆய்வகத் தொட்டியில் கிடைத்த முடிவை அப்படியே அவர் குளத்துக்குச் சொல்லாதீர்கள். குளத்திலும் சோதித்து, அளவும் செலவும் தெரிந்தபின் சொல்லுங்கள். அவர் போடுவது ஒரு பருவத்து முதல். அதற்குப் பொறுப்பேற்கத் தக்க பதிலைத் தருவதே இந்த வேலை.