பாடம் 8: வீதியைத் தோண்டினால்…

படிக்க முன் பேசுவோம்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எப்போதாவது வீதி வேலை நடந்திருக்கிறதா? செம்மஞ்சள் நிறக் கூம்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? அப்போது நீங்கள் எந்த வழியால் பள்ளிக்கூடம் போனீர்கள்? பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லுங்கள்.

1. ஒரு நீளமான வீதி

பிள்ளைகளே, நான் வளர்ந்த ஊர் கனடாவில் இருக்கும் ரொறன்ரோ. அந்த நகரத்தின் குறுக்கே, கிழக்கு மேற்காக ஒரு நீளமான வீதி போகிறது. அதன் பெயர் எக்ளின்ரன். கிழக்குப் பக்கம் போனால் ஸ்காபரோ வரும். அங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீடும் அங்கேதான்.

2012-இல் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கெனடி நிலையத்தில் 34 ஆம் இலக்க பஸ் ஏறி, எக்ளின்ரன் வீதி வழியாக வேலைக்குப் போவேன். காலையில் பஸ் நகரவே நகராது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்து போகிறவர் எங்களை முந்திக்கொண்டு போவார்!

இதனால்தான் அந்த வீதியில் ஒரு பெரிய வேலை தொடங்கினார்கள். 2011-இல் அது ஆரம்பித்தது. மேற்கே மவுண்ட் டெனிஸ் என்ற இடத்தில் இருந்து கிழக்கே கெனடி நிலையம் வரை ஒரு ரயில் பாதை. நீளம் 19 கிலோமீற்றர். நிலையங்களும் தரிப்பிடங்களும் சேர்த்து 25. பாதித் தூரத்துக்கு மேல் ரயில் நிலத்துக்கு அடியில் ஓடும்.

சுரங்கம் தோண்ட நான்கு பெரிய இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள்: டெனிஸ், லீ, டொன், ஹம்பர். டொன், ஹம்பர் இரண்டும் ரொறன்ரோவில் ஓடும் ஆறுகளின் பெயர்கள்.

2. ஏன் இவ்வளவு காலம்?

ஒரு வீதியைத் தோண்டினால் வெறும் மண் மட்டுமா வரும்? இல்லை. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்சாரக் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் வீடுகளில் தண்ணீர் நிற்கக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. மேலே பஸ்ஸும் காரும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

நான் கணினிச் செயலிகள் எழுதுகிறவன். ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரு செயலியைப் பாவித்துக்கொண்டிருக்கும்போதே அதை நாங்கள் மாற்ற வேண்டி வரும். அது கஷ்டமான வேலை. ஆனால் நாங்கள் பிழை விட்டால், பழையபடி மாற்றிவிடலாம். தோண்டிய வீதியை ஒரே நாளில் பழையபடி ஆக்க முடியாது.

இந்த வீதிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 1994-இலேயே இங்கே சுரங்க ரயிலுக்காகத் தோண்டத் தொடங்கினார்கள். 1995-இல் மாகாண அரசு மாறியது. புதிய அரசு வேலையை நிறுத்தி, தோண்டிய குழியை மண் போட்டு மூடிவிட்டது!

இரண்டாவது தடவை 2020-இல் ரயில் ஓடும் என்றார்கள். 2020 வந்தது, ரயில் வரவில்லை. ஒவ்வொரு வருசமும் நாள் தள்ளிப் போனது. கடைசியில் 2026 பெப்ரவரியில்தான் ரயில் ஓடத் தொடங்கியது. வேலை தொடங்கியபோது பிறந்த குழந்தை அப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது.

3. குட்டி ஜமேக்கா

எக்ளின்ரன் வீதியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பகுதியை 'லிட்டில் ஜமேக்கா' என்பார்கள். குட்டி ஜமேக்கா என்று நாங்கள் சொல்லலாம். ஜமேக்காவில் இருந்தும் மற்றக் கரீபியன் தீவுகளில் இருந்தும் வந்தவர்கள் அங்கே கடைகள் போட்டார்கள். முடி வெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, ரெகே இசைத்தட்டு விற்கும் கடை. எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் புடவைக் கடையும் மரக்கறிக் கடையும் போட்ட மாதிரித்தான்.

அங்கே நான் விரும்பிப் போகும் ஒரு சின்னக் கடை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் போய் 'பற்றி' வாங்குவேன். எங்கள் வீட்டுப் பற்றிஸ் தெரியும்தானே? அதைப் போலத்தான், ஆனால் பெரிது. மஞ்சள் நிறம். எண்ணெயில் பொரிப்பதில்லை, சூட்டடுப்பில் வெதுப்புவார்கள். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தவுடனே இரண்டு பற்றியைப் பையில் போட்டுவிடுவார். நான் வாய் திறக்கவே தேவையில்லை.

பிறகு கடைக்கு முன்னால் வேலி வந்தது. நடைபாதை ஒடுங்கியது. பஸ் தரிப்பிடம் தள்ளிப் போனது. கார் நிறுத்த இடம் இல்லை. பகல் முழுவதும் சத்தமும் தூசியும். கடையின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வீதியில் இருந்து பார்த்தால் பூட்டியிருப்பது போலத் தெரியும்.

4. உரையாடல்

(ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நானும் என் மகளும் அதில் ஏறிப் போனோம். ஓக்வூட் நிலையத்தில் இறங்கி, மேலே வந்து நடந்தோம்.)

மகள்: அப்பா, ரெயின் நல்லாயிருக்கு! நீங்கள் சொன்ன பற்றிக் கடை எங்க?

அப்பா: அது பூட்டியாச்சு, பிள்ளை.

மகள்: ஏன்? பற்றி நல்லாயில்லையா?

அப்பா: நல்லாத்தான் இருந்தது. வீதி வேலையால சனம் வரேல்லை.

மகள்: நீங்கள் போனீங்களா?

அப்பா: முதல்ல போனன். பிறகு… போகேல்லை. கார் விட இடமில்லை. அடுத்த கிழமை போவம், அடுத்த கிழமை போவம் எண்டு விட்டிட்டன்.

மகள்: அப்ப நீங்களும்தானே அப்பா வரேல்லை?

அப்பா: ஓம், பிள்ளை. நானும்தான்.

5. யோசிப்போம்

பிள்ளைகளே, இந்த ரயில் நல்லதுதான். என்னைப் போல பஸ்ஸில் நின்றவர்களுக்கு அது தேவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயிலின் நன்மை முழு நகரத்துக்கும் கிடைத்தது. அதற்கான கஷ்டத்தை அந்த வீதியில் இருந்தவர்களே பட்டார்கள். அரசு சில கடைகளுக்கு உதவிப் பணம் கொடுத்தது. ஆனாலும் பல கடைகள் பூட்டப்பட்டன. 2020-இல் வந்த கோவிட் நோயும் அவர்களை இன்னும் வருத்தியது. மிஞ்சியவர்களுக்கு இப்போது வேறு ஒரு பயம்: ரயில் வந்துவிட்டது, வாடகை கூடிவிடுமோ?

குழியைச் சீக்கிரம் மூட உங்களாலும் என்னாலும் முடியாது. ஆனால் வேலிக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் போகலாம். கொஞ்சம் சுற்றி நடக்க வேண்டி வரும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்யலாம். வீதி வேலை தொடங்க முன் வீடுகளுக்குக் கடிதம் வரும். கூட்டமும் வைப்பார்கள். யாரும் போய்க் கேள்வி கேட்கலாம். உங்கள் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ அந்தக் கடிதம் விளங்காமல் இருக்கலாம். பஸ் தரிப்பிடம் எங்கே மாறுகிறது, தண்ணீர் எந்த நாள் நிற்கும் என்று அவர்களுக்குத் தமிழில் சொல்ல உங்களால் முடியும். நீங்கள் தமிழ் படிப்பது இதற்கும்தான்.

புதிய சொற்கள்

தரிப்பிடம் – பஸ் அல்லது ரயில் நிற்கும் இடம்
சுரங்கம் – நிலத்துக்கு அடியில் போகும் வழி
நடைபாதை – வீதியோரத்தில் மக்கள் நடக்கும் பாதை
பாவித்தல் – பயன்படுத்துதல்
ஒடுங்கியது – அகலம் குறைந்தது
வெதுப்புதல் – பாண், கேக் போன்றவற்றைச் சூட்டடுப்பில் வேக வைத்தல்
வாடகை – வீட்டுக்கோ கடைக்கோ மாதந்தோறும் கொடுக்கும் பணம்

பேச்சும் எழுத்தும்

வரேல்லை – வரவில்லை
போனன் – போனேன்
எங்க – எங்கே
எண்டு – என்று
போவம் – போவோம்

பயிற்சி

1. ரயில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதன் நீளம் என்ன?
2. வீதிக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன? நான்கைச் சொல்லுங்கள்.
3. கடை திறந்திருந்தும் பூட்டியிருப்பது போல ஏன் தெரிந்தது?
4. "அப்ப நீங்களும்தானே அப்பா வரேல்லை?" மகள் ஏன் இப்படிக் கேட்டாள்? எழுத்துத் தமிழில் இரண்டு வசனம் எழுதுங்கள்.
5. உரையாடலை இருவராக வாசியுங்கள். பிறகு அதையே எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.
6. வீட்டு வேலை: உங்கள் ஊரில் நடக்கும் வீதி வேலை பற்றிய ஓர் அறிவித்தலைக் கண்டுபிடியுங்கள். அதை வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். அவர் கேட்ட ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள்.