பர்ஸில் இருப்பது காசா, கார்டா?

"படிக்க அனுப்பினா ஊர் சுத்திக்கிட்டு இருக்கான்." பிள்ளை ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் ஒரு வருஷம் கழிவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏழெட்டுப் பேர் ஏதோ ஒரு பாலத்தின் மேல் தோளில் கைபோட்டு நிற்பார்கள். பின்னால் பனி படர்ந்த மலை. மாமா உடனே யூரோவை ரூபாயாக்கிப் பெருக்க ஆரம்பித்துவிடுவார். 2022-23 குளிர்காலப் பருவம் முதல் ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தாம் முதலிடம். அதனால் பெருக்கிப் பார்க்கும் மாமாக்களும் பெருகிவிட்டார்கள்.

மாமாவுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். மாணவர் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆனது. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் இன்சூரன்ஸும் போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு, அதற்கப்புறம்தான் பயணம். "நாலஞ்சு மாசம் லீவாமே" என்பதும் அரைகுறைச் செய்தி. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரையும், ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரையும் பல்கலைக்கழகங்களில் வகுப்பு இருக்காது, அவ்வளவுதான். தேர்வுகளும் எழுதி ஒப்படைக்க வேண்டிய கட்டுரைகளும் அந்த இடைவெளியில்தான் வந்து விழும். அதற்குள் கிடைக்கும் சனி ஞாயிறில்தான் அந்தப் பாலத்துப் படம்.

மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகள் இதைவிடச் சுவாரஸ்யமானவை, சேதாரமும் அதிகம். கேட்டால் எல்லாம் காசுக் கணக்காகத்தான் இருக்கும். ஆனால் ஒரு டிரிப்பை நடத்திவைப்பதும் நடுவழியில் நிறுத்துவதும் பெரும்பாலும் பர்ஸில் உள்ள கார்டுகள்தாம்.

"டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கு மச்சி, எதுல வேணா ஏறலாம்." எதில் வேண்டுமானாலும் ஏற முடியாது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்த மாத பாஸ், 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அதன் விலையில் 60 சதவீதம்தான், அதுவும் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடும். நாடு முழுக்கச் செல்லும் என்பது உண்மை. ஆனால் டவுன் பஸ், டிராம், எஸ்-பான், யூ-பான், ஆர்பி, ஆர்இ வண்டிகளோடு சரி. ஐசிஇ, ஐசி, ஈசி வண்டிகளில் செல்லாது. மூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஐசிஇ ஏறத்தாழ 4 மணி நேரத்தில் போய்விடும். ஆர்இ மாறி மாறிப் போனால் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். ஒரு வண்டி தாமதித்தால் அடுத்த இணைப்பு போய்விடும். காசு மிச்சம்தான், சனிக்கிழமை மிச்சமில்லை.

அந்த பாஸ் ஒருவர் பெயரில் இருப்பது. ரூம்மேட் ஊரில் இல்லாத நாளில் அவனுடைய போனை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. டிக்கெட் பரிசோதகர் போட்டோ உள்ள அடையாள அட்டையைக் கேட்பார். பெயர் பொருந்தாவிட்டால் 60 யூரோ அபராதம்.

இதே பாஸில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. வட்டார ரயிலில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் நிலையம் வரை இது செல்லும். மூனிக் மாணவர்கள் காலையில் கிளம்பி, மோட்ஸார்ட் பிறந்த வீட்டையும் மலைக்கோட்டையையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது இதில்தான். அடுத்த கதையும் இந்தத் தடத்தில்தான் உடைகிறது. "ஐரோப்பாவுக்குள்ள பார்டரே கிடையாது, பாஸ்போர்ட் எதுக்கு?"

போகும்போது யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது எல்லையைத் தாண்டியதும் ஃப்ரைலாஸ்ஸிங் நிலையத்தில் ரயில் நிற்கும், நீலச் சீருடையில் கூட்டரசு போலீஸார் ஏறுவார்கள். ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 செப்டம்பரிலேயே சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் எல்லா நில எல்லைகளிலும் அதே நடைமுறை. பெட்டியின் அந்தக் கோடியில் பீட்சா பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நம் கூட்டத்தில் ஐந்து பேர் ரெசிடென்ஸ் பர்மிட் கார்டையும் பாஸ்போர்ட்டையும் நீட்டுவார்கள். ஆறாவது ஆள் மாணவர் அட்டையை நீட்டுவான். பாஸ்போர்ட்டின் படம் போனில் இருக்கிறது என்பான். படம் ஆவணம் ஆகாது. ஒருவனை இறக்கி விசாரித்தால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்தே இறங்குவார்கள், நட்பு என்றால் அப்படித்தானே. எல்லை தாண்டுகிற இந்தியருக்குப் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பர்மிட் இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும்.

ஷெங்கன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கை உண்டு. பயந்தவர்கள் சொல்வது: "கார்டு இன்னும் வரலை, வெறும் விசாதான் இருக்கு, ஜெர்மனியை விட்டு நகரக் கூடாது." 2010 முதல் அப்படி இல்லை. செல்லுபடியாகும் நீண்டகாலத் தேசிய விசாவே போதும். அதை வைத்தும் கார்டை வைத்தும் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். அந்த 90 என்பது எல்லா நாடுகளுக்கும் சேர்த்து. ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் அதில் சேராது.

துணிந்தவர்கள் சொல்வது: "அப்ப ஐரோப்பா முழுக்க நம்மளுது." ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. லண்டனுக்கு மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது என்று எட்டுப் பேருக்கும் சேர்த்து புக் செய்துவிட்டு, பிறகு பிரிட்டிஷ் விசா தனி என்று தெரிந்துகொண்டால் அந்தப் பணம் போனதுதான். குரோவேஷியா 2023இலும், ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாக 2025இலும் உள்ளே வந்துவிட்டன. ஆகவே சீனியர்கள் தந்த பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

இதில் உண்மையிலேயே ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. கார்டு காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்க மனுப் போட்டாயிற்று, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்கவில்லை. அந்த இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள், ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். "அதை வெச்சே பிராக் போய்ட்டு வந்தேன்" என்று ஒருவர் சொல்வார். அவருடைய தாள் வேறு, உங்களுடையது வேறாக இருக்கலாம். உள்ளே மூன்று கட்டங்கள் உண்டு. வசிப்புரிமைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவுக்கு நேரே குறி இருந்தால், பழைய அனுமதியே நீடிப்பதாகப் பொருள், வெளியே போய்த் திரும்பலாம். குறி 3ஆம் உட்பிரிவில் இருந்தால், அந்தத் தாளைக் காட்டி ஜெர்மனிக்குள் திரும்ப நுழைய முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

"கூட்டமா போனா செலவு கம்மி." கூட்டம் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது அது. பவேரியாவின் பையர்ன் டிக்கெட் ஐந்து பேர் வரைக்கும்தான். ஆறாவது ஆள் சேர்ந்தால் இன்னொரு டிக்கெட். எல்லாரிடமும் மாத பாஸ் இருந்தால் இது தேவையே இல்லை. பாஸ் இல்லாத தோழி ஹங்கேரியிலிருந்து பார்க்க வந்தால்தான் கணக்கு வேறு. வார நாளில் அந்த டிக்கெட் காலை 9 மணிக்குத்தான் உயிர்பெறும். அதை நம்பி நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். 9 மணிக்குமேல் மூனிக்கில் ஏறினால் ஃப்யூஸன் போய்ச் சேர 11 தாண்டிவிடும். அங்கிருந்து பஸ், பிறகு அரை மணி நேரத்துக்குமேல் மலையேற்றம். உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், டிக்கெட்டில் நிமிஷம் வரை அச்சிட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே படமெடுக்கவும் அனுமதியில்லை. மாமா பார்த்த படமெல்லாம் மரியன் பாலத்திலிருந்து எடுத்தது. பனி உறைந்தால் அந்தப் பாலத்தையும் மூடிவிடுவார்கள்.

"ஆயிரம் வருஷத்துக் கோட்டைடா" என்று கேப்ஷன் போடுகிறவர்களுக்காக ஒன்று. அடிக்கல் நாட்டியது 1869இல், நம் சென்ட்ரலில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டியது. மன்னர் இரண்டாம் லுட்விக்குக்கு இடைக்காலக் கதைகளிலும் வாக்னரின் இசை நாடகங்களிலும் தீராத மோகம். கோட்டையின் தோற்றத்தை வரைந்தவர் கிறிஸ்டியான் யாங்க், நாடக மேடைக்குத் திரைகள் தீட்டியவர். பழங்கோட்டை போன்ற சுவர்களுக்குள் குழாய்த் தண்ணீரும் வெப்பக்காற்று வசதியும் இருந்தன. 1886 ஜூனில் மன்னர் ஏரியில் இறந்து கிடந்தார். ஆகஸ்ட் 1ஆம் தேதியே கோட்டையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பழையது என்று சொல்லாமலே ரசிக்க அங்கே எவ்வளவோ இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஒரு வரி: ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர. லெமன் சாதம் கட்டிக்கொண்டு போகிற கோஷ்டியைக் கேலி செய்கிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு அதே டப்பாவை எட்டிப் பார்ப்பார்கள்.

"எராஸ்மஸ் டிரிப்பெல்லாம் எக்ஸ்சேஞ்ச்ல வந்தவங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறவர்களும் உண்டு. 1989இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் கிளைகள் பெரும்பாலும் எல்லா வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. நடத்துவது தன்னார்வ மாணவர்கள், அதனால் விலையும் அடக்கம். நம் ஆட்களோடு மட்டுமே சுற்றினால் தமிழ் நன்றாக வளரும், ஜெர்மன் வளராது.

கடைசியாக ஒன்று, இதில் நாம் நம்பிக்கொண்டிருப்பதைவிட நிலைமை நல்லது. "மியூசியம் சலுகையெல்லாம் ஐரோப்பாக்காரனுக்கு." இத்தாலியில் அது சரிதான். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு 2 யூரோ நுழைவு என்பது ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். பிரான்ஸில் விதி வேறு. லூவ்ர், ஓர்சே, வெர்சாய் மூன்றிலும் 26 வயதுக்கு உட்பட்டவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவராக இருந்தாலே இலவசம். குடியுரிமை வேண்டாம், ஜெர்மன் ரெசிடென்ஸ் பர்மிட் போதும். லூவ்ருக்கு இலவச டிக்கெட் என்றாலும் நேரத்தை முன்பே பதிந்துகொள்ளுங்கள். செவ்வாய் லூவ்ருக்கு விடுமுறை, திங்கள் மற்ற இரண்டுக்கும். கூட்டத்தில் யாருக்காவது 26ஆவது பிறந்தநாள் நெருங்குகிறதென்றால், பாரிஸ் டிரிப்பை அதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.