சுண்டெலி எழுப்பிய இரு வினாக்கள்

ஆராய்ச்சியின் பொருட்டு விலங்கின் பரம்பரையலகை மாற்றுதல் தகுமா என்னும் வினாவைப் பொதுமக்கள் முன் நிறுத்தியது ஒரு சுண்டெலியே. புற்றுநோய் எளிதிற் பற்றுமாறு ஹாவாட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட அவ்வெலிக்கு ஐக்கிய அமெரிக்கா 1988ஆம் ஆண்டு ஆக்கவுரிமை வழங்கிற்று. நோய் தீர்க்கும் வழி காண இது துணையாகும் என்றனர் ஒருசாரார். நோயுறுதற்கென்றே ஓருயிரைப் பிறப்பித்து, அதனை உடைமையுமாக்குவதோ என வெகுண்டனர் மற்றொருசாரார்.

இவ்வெகுளியுள் இரு வினாக்கள் விரவிக் கிடத்தலை நாம் பகுத்துணர்தல் வேண்டும். ஒன்று துன்பம் பற்றியது. மற்றையது உடைமை பற்றியது. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் விலங்குறும் துன்பத்தையும் மாந்தர் பெறும் பயனையும் சீர்தூக்கி 1992இல் உரிமை அளித்தது. எதிர்ப்பு மனுக்களை ஆராய்ந்தபின், 2004இல் அவ்வுரிமையைச் சுண்டெலியளவிற் சுருக்கிற்று. கனடாவின் உயர் நீதிமன்றமோ, உயர்நிலை உயிரினம் சட்டங் கூறும் ஆக்கப்பொருள் ஆகாதென 2002இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஐவர் அவ்வாறு கொள்ள, நால்வர் மாறுபட்டனர்.

எனினும், உரிமை மறுத்த அந்நாட்டிலும் இத்தகைய எலிகளை ஆய்வில் ஆளுதற்கு அத்தீர்ப்பினால் தடை பிறந்திலது. உடைமை வழக்கின் முடிவு துன்ப வினாவுக்கு விடையாகாது என்பது இதனாற் பெறப்படும். நம் மாணவர்க்கு இப்பொருளைக் கற்பிக்குங்கால், இரண்டையும் தனித்தனி நிறுத்துக் காட்டுதல் நம் கடனாகும்.