புல்வெட்டி வண்டியின் விபரீத ஓசைகள்

அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வயோதிகம் அடைந்து விபரீதமான சப்தங்களை எழுப்பத் தொடங்கியதும், எஞ்சினையே குற்றவாளியாக்கி மெக்கானிக்கை அழைப்பதற்கு முன், இருக்கையில் இருந்தபடியே பிளேடுகளின் இணைப்பை மட்டும் விலக்கிப் பார்ப்பது உசிதம். அக்கணமே ஓசை அடங்குமாயின் தோஷம் பெரும்பாலும் எஞ்சினில் அன்று, பிளேடு சுழலும் தண்டின் பேரிங்கிலோ, தேய்ந்த பெல்ட்டிலோ, கப்பியிலோ இருக்கிறது. அடங்காவிடில் உடனே நிறுத்தி, சமதளத்தில் வைத்து எண்ணெய் மட்டத்தைச் சோதிக்க வேண்டும். மேற்பகுதியிலிருந்து 'டிக் டிக்' என்று சீராக எழும் ஓசை அநேகமாக வால்வு இடைவெளி மிகுந்ததன் லட்சணம். எஞ்சின் நன்கு குளிர்ந்த பின், அதைக் கைப்புத்தகம் கூறும் பிரமாணத்துக்குத் திருத்தினால் போதும். ஆனால் அடிப்பாகத்திலிருந்து எழுந்து, பாரம் ஏற ஏற வலுக்கும் கனத்த இடியோசை கனெக்டிங் ராடின் தேய்மானமாக இருக்கக்கூடும். 'இன்னும் கொஞ்சந்தானே, வெட்டி முடித்துவிடுவோம்' என்னும் சபலத்துக்கு இடங்கொடுத்தால், அந்த ராட் முறிந்து எஞ்சின் கூட்டையே துளைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. எஞ்சினைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலும் ஏறக்குறைய இதே ஓசை பிறக்குமாதலால், முதலில் ஸ்பேனரைக் கையில் எடுப்பது செலவற்ற பரீட்சை. எதைத் தொடுவதாயினும், ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி அப்பால் ஒதுக்கிய பின்னரே தொடுக.