பாதிக்கு மேல் ஒருவருக்கே!

கேள்வி: பணக்கார முதலாளி கிடைத்தால் தமிழ் தலைவாஸ் கபடி அணி எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிடலாமே?
– வாசகர், சிதம்பரம்

பதில்: முடியாது. புரோ கபடியில் எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு உச்சவரம்புதான். 2022-ல் அது 4.4 கோடி ரூபாய். அதில் 2.26 கோடியை, எதிரணிப் பக்கம் பாடிச் செல்லும் ரெய்டர் பவன் செராவத் ஒருவருக்கே கொடுத்தது தமிழ் தலைவாஸ். அவரோ முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அப்போது ரெய்டு பாரத்தைத் தாங்கியவர் புதுமுகம் நரேந்தர்; அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் சில விலக்குகளைக் கொண்டு வரம்பைத் தாண்டலாம். ரொம்பவும் தாண்டினால் அபராத வரி. எனக்குக் கபடியின் கறார்தான் பிடிக்கிறது. கை கட்டப்பட்ட அணிகள் புதுமுகங்களைத் தேடித்தானே ஆகவேண்டும்? உங்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன்களுக்கு அதுதான் வாய்ப்பு.