லாரிக்குப் பின்னால் பத்து வேகன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஒரு லாரி பத்துச் சரக்கு வேகன்களை இழுத்துக்கொண்டு போகிறது. “இது கிராபிக்ஸா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான். அது ஜெர்மனியின் யூனிமாக். போருக்குப் பிறகு உழவு வேலைக்கென்று உருவான வண்டி; இரண்டு உருளைக்கிழங்குச் சால்களை அளந்துதான் அதன் சக்கர இடைவெளியை 1,270 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். பின்னாளில் வந்த அகன்ற மாடல்கள் 1,435 மி.மீ. ஐரோப்பியத் தண்டவாளத்தின் மேல் டயரோடு ஏறி நிற்கின்றன. நம் அகலப்பாதை 1,676. இங்கே அது அப்படியே பொருந்தாது.

ஏறுவதைக் கவனித்தாயா? ரயில்வே கேட்டில் ஓட்டுநர் வண்டியைத் திருப்பி, டயர்களைத் தண்டவாளத்துக்கு நேராக நிறுத்துகிறார். முன்னும் பின்னும் மடக்கி வைத்த குட்டி இரும்புச் சக்கரங்கள் இறங்கி உட்காருகின்றன. அவை வண்டி விலகாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். இழுப்பதும் நிறுத்துவதும் ரப்பர் டயர்.

காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளியிருக்கிறாய் அல்லவா? டயர் நசுங்குவதிலேயே உன் பலமெல்லாம் போய்விடும். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் அநேகமாக நசுங்குவதே இல்லை. அதனால் சமதளத்தில் ஓடும் வேகனுக்கு டன்னுக்குச் சுமார் 2 கிலோ இழுவை போதும். நின்றதைக் கிளப்ப 5 கிலோ என்று வைத்துக்கொள். சரக்கோடு 80 டன் வேகன் பத்து, ஆக 800 டன். கிளப்ப 4 டன் இழுவை வேண்டும். காய்ந்த தண்டவாளத்தில் ரப்பர் டயர் தன் மேல் உள்ள எடையில் பாதிக்கு மேலேயே பிடிமானம் தரும். 10 டன் வண்டிக்கு அது போதும். இரும்புச் சக்கரத்துக்கு எடையில் கால் பங்குதான் தேறும். ரயில் இன்ஜினை 100 டன்னுக்கு மேல் கனமாகச் செய்ய அதுவும் ஒரு காரணம்.

ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் வந்தால், டன்னுக்கு இன்னும் 10 கிலோ. உன் பத்து வேகனுக்கு மேலும் 8 டன்! லாரி நின்ற இடத்திலேயே டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் வைட்டிங் நிறுவனம் 1948-இல் தொடங்கிய டிராக்மொபைல் வகை வண்டிகளில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. அவை இரும்புச் சக்கரத்தில்தான் இழுக்கும். பிடிமானத்துக்கு என்ன செய்வது? அடுத்த வேகனின் கப்ளிங்கை ஹைட்ராலிக்கால் லேசாகத் தூக்கி, வேகனின் எடையில் ஒரு பங்கைத் தன் சக்கரத்தின் மேல் வாங்கிக்கொள்ளும். இழுபடுகிறவனிடமே கனத்தைக் கடன் வாங்கி அவனையே இழுப்பது!

இவ்வளவு பாடு எதற்கு, இன்ஜின் இருக்கிறதே என்பாய். தானியக் கிடங்கில் ஒரு வேகன் நிரம்பியதும் அடுத்ததைக் குழாயின் கீழ் நகர்த்த வேண்டும். அந்தப் பதினைந்து மீட்டருக்காக நாள் முழுக்க ஓர் இன்ஜினை நிறுத்தி வைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? லாரி வேகனை விட்டுவிட்டுச் சாலையில் இறங்கி, சுற்றிப் போய் மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். இன்ஜின் மறுமுனைக்குப் போகப் பக்கத்தில் இன்னொரு தடம் வேண்டும். முன்பு இதே வேலையைக் குதிரைகள் செய்தன. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் சார்லி என்ற குதிரை, பந்தயக் குதிரைகள் ஏறும் பெட்டிகளை 1967 வரை இழுத்தது.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. 800 டன் மணிக்கு 5 கிலோமீட்டரில் வருகிறது, லாரியின் டயர் மட்டும் 6 டன் விசையோடு பிடிக்கிறது என்றால் நிற்க ஏறக்குறைய 13 மீட்டர். வேகம் 10 ஆனால் 52 மீட்டர். மழை பெய்தால் டயரின் பிடிமானமும் கைவிட்டுவிடும். அதனால் நீளமான வரிசை என்றால் லாரியில் கம்ப்ரஸர் வைத்து வேகன்களின் பிரேக் குழாய்க்கும் காற்று கொடுப்பார்கள். அப்போது ஒவ்வொரு வேகனும் தன் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

வீடியோவை மறுபடி போட்டு, லாரிக்கும் முதல் வேகனுக்கும் நடுவே நிறுத்திப் பார். கப்ளிங்குக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று தொங்குகிறதா என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா